ஒட்டுக்கத்திக்கு ஓர் எஃகு

விமான நிலையத்தில் பெட்டி பட்டையில் ஏறி உள்ளே மறைகிறவரை எனக்கு நிம்மதியில்லை. வேட்டி மடிப்புக்குள், மஞ்சள் துணியில் சுற்றி, அப்பாவின் பேனாக்கத்தி இருந்தது. கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். பெட்டியில் போட்டால், பெட்டியே வழி தவறிப் போனால் என்ன செய்வது? அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தவற்றில் நான் தினமும் தொடுகிற பொருள் அது ஒன்றுதான்.

சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலை அடிவாரத்தில் எங்களுக்கு மாங்கன்று நாற்றுப் பண்ணை இருக்கிறது. மல்கோவா, இமாம் பசந்த், பெங்களூரா என்று அப்பா ஐம்பது வருடம் ஒட்டுக் கட்டினார். அத்தனைக்கும் இந்த ஒரே கத்தி. அலகு மூன்று அங்குலத்துக்கும் குறைவு. வாங்கியபோது விரல் அகலம் இருந்ததாம். கல்லில் தீட்டித் தீட்டி இப்போது வேப்பிலை அகலம். கைப்பிடி கருத்த மரம், உள்ளங்கை பட்டுப் பட்டுக் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. அலகின் அடியில் செய்தவர் பெயர் அழிந்துவிட்டது. அதற்குக் கீழே பொறித்த இரண்டு சொற்களை மட்டும் பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம்: ஷெஃபீல்டு, இங்கிலாந்து.

போன வருடம் ஆடியில் அலகின் நுனி வளைய ஆரம்பித்தது. அவ்வளவு மெலிந்துவிட்டது. வேறு கத்தி வாங்கித்தான் ஆகவேண்டும் என்றானது.

ஒட்டுக் கட்டுகிறவருக்குக் கத்தி என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். தாய்மரத்துக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்புமாதிரிச் சீவி, கன்றின் பிளந்த தண்டில் செருகுகிறோம். பட்டைக்கு அடியில் தாள்போல் ஒரு பச்சைப் படலம் இருக்கும். இரண்டு பக்கத்துப் படலமும் ஒன்றோடொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். அதற்குச் சீவல் ஒரே இழுப்பில், கண்ணாடி வெட்டினாற்போல் வரவேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் படலத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடம் இரண்டு நாளில் கருகும். இருபது நாள் கழித்துப் பார்த்தால் குச்சி காய்ந்து நிற்கும். கன்று போனால் போகட்டும், ஒரு வருடம் போய்விடுகிறது.

அவசரத்தில் இரண்டு கத்தி வாங்கினேன். முதலாவது, பளபளவென்றிருந்த மலிவான எவர்சில்வர் மடக்குக்கத்தி. நாற்பது குச்சி சீவுவதற்குள் அலகின் விளிம்பு ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டது. அந்தக் கோபத்தில் இரண்டாவதாக, விலையைப் பார்க்காமல், வெளிநாட்டுக் கத்தி ஒன்றைத் தருவித்தேன். எஃகைத் தூளாக்கி, அழுத்தி, மறுபடி கட்டியாக்கிச் செய்தது, வனேடியம் சேர்ந்தது. இரண்டு மாதம் கூர் அப்படியே நின்றது. உண்மையிலேயே அற்புதம். மழுங்கியபிறகுதான் கஷ்டம். எங்கள் கல்லில் அரைமணி நேரம் தீட்டினேன். கல்தான் தேய்ந்தது. சாணை பிடிப்பவர் சக்கரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம கல்லுக்கு அடங்காதுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. வனேடியம் எஃகுக்குள் கார்பனோடு சேர்ந்து நுண்ணிய கற்களாக உறைகிறது. சாதாரணச் சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிட அந்தக் கற்கள் கடினமானவை. வைரத்தூள் பதித்த பட்டை வேண்டும். நல்ல எஃகுதான், எங்கள் பண்ணைக்கு ஏற்ற எஃகு இல்லை.

அப்போதுதான் தோன்றியது: அப்பாவின் கத்தி எந்த எஃகு? இந்தக் கேள்வியோடுதான் பங்குனிக் கடைசியில், மான்செஸ்டரில் இருக்கும் அண்ணன் மகள் வீட்டுக்குப் போன பயணத்தில் ஷெஃபீல்டையும் சேர்த்துக்கொண்டேன்.

“ஏனுங்க சித்தப்பா, கத்திக்கா இவ்வளவு தூரம்?” என்றாள். கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் பேச்சு மாறியது. “தாத்தா இதுல எனக்குக் கொய்யாக்காய் நறுக்கிக் குடுப்பாரு.” அதோடு அவளும் ஒருநாள் விடுப்புப் போட்டுக் கிளம்பிவிட்டாள். அந்த நாட்டுச் சட்டத்தையும் அவளே படித்துச் சொன்னாள். மடித்து வைக்கக்கூடிய, விரித்தால் பூட்டிக்கொள்ளாத, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத கத்தியைப் பொது இடத்தில் கொண்டுபோகலாமாம். அப்பாவின் கத்தி அந்த அளவுக்குள் அடங்கியது.

ஒவ்வொரு நிலையத்திலும் நின்று போகிற ரயிலில் ஏறினோம். ஈடேல், ஹோப், ஹாதர்சேஜ் என்று குன்றுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஊர்கள். செம்மறி ஆடுகள், கல் அடுக்கிய வேலிகள். ஹாதர்சேஜுக்கு மேலே தெரியும் பாறை விளிம்புகளின் கீழே, செதுக்கி முடித்து விற்காமல் விட்டுப்போன அரைவைக் கற்கள் வட்டவட்டமாக இன்றும் புல்லில் கிடக்கின்றன. கரடான மணற்கல். சாணைச் சக்கரத்துக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்து மணற்கல்தான் பயன்பட்டது. பிறகு டோட்லி சுரங்கம். 1893-ல் திறந்தது, ஐந்தரை கிலோமீட்டருக்கும் மேல் ஒரே இருட்டு. வெளியே வந்தால் ஷெஃபீல்டு.

நிலையத்து வாசலிலேயே நீண்ட எஃகுச் சுவர் ஒன்று கத்தி அலகுபோல் வளைந்து நிற்கிறது. அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டேயிருக்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த ஷீஃப் ஆறு அந்த நிலையத்துக்கு அடியில்தான் மூடிய வாய்க்காலாக ஓடுகிறதாம். இந்த ஊருக்கு ஐந்து ஆறு. பெரிய ஆறுகள் அல்ல, நம் ஓடைகளைப்போன்றவை; ஆனால் மேட்டிலிருந்து சரிவாக இறங்குவதால் சக்கரம் சுற்றும். தண்ணீர், மணற்கல், சுற்றிலும் காடு, பிறகு நிலக்கரி. கத்திக்கு வேண்டியது எல்லாம் பக்கத்திலேயே இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய கதையிலேயே ஒரு மாவரைப்பவன் ஷெஃபீல்டுக் கத்தியை வைத்திருக்கிறான். 1624-ல் கத்திக்காரர்களின் சங்கத்துக்கு நாடாளுமன்றமே சட்டம் போட்டது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

ஒன்று மட்டும் அங்கே கிடைக்கவில்லை: நல்ல இரும்பு. அதை ஸ்வீடனிலிருந்து வரவழைத்தார்கள். அந்தப் பட்டைகளைக் கரித்தூளோடு அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி, நாள்கணக்கில் சுட்டு எஃகாக்கினார்கள். எஃகு கிடைத்தது, ஆனால் மேலே கார்பன் அதிகம், உள்ளே குறைவு. ஒரே பட்டையில் ஓர் இடம் கடினம், ஓர் இடம் மெது. அதைத் தீர்த்த முறையைப் பார்க்க அபேடேலுக்குப் போனோம்.

அபேடேல் தொழிற்குடியிருப்பு ஷீஃப் ஆற்றங்கரையில் இருக்கிறது. அரிவாள்போல் நீண்ட புல்வெட்டிகள் செய்த பட்டறை, இப்போது அருங்காட்சியகம். தண்ணீர்ச் சக்கரம், சம்மட்டிக் கூடம், சாணைக் கூடம் எல்லாம் ஒரே முற்றத்தைச் சுற்றி. நான் அதிக நேரம் நின்றது மூசை உலைக் கூடத்தில். தரையில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு மூடி. பக்கத்தில் எஃகை உருக்கும் களிமண் மூசைகள், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், நடுவில் லேசாகப் பருத்து. அவற்றைச் செய்கிற களிமண்ணை ஓர் ஆள் வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பாராம். காலில்தான் சின்னக் கல்லோ காற்றுக்குமிழியோ தெரியும். ஒரு கல் தப்பினால் 1600 டிகிரி சூட்டில் மூசை விரிசல் விட்டு, உள்ளே இருக்கிற எஃகு முழுக்க நெருப்பில் போய்விடும். சுவர் வைக்க மண் மிதிக்கிற ஆள்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே கால், அதே மண்.

மூசை பழுத்ததும் ஓர் ஆள் காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு குழிக்கு மேலே நின்று நீண்ட குறட்டால் அதைத் தூக்குவார். இன்னொருவர் அச்சில் ஊற்றுவார். 1740 வாக்கில் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், டான்காஸ்டரிலிருந்து வந்த கடிகாரக்காரர். கடிகாரத்தின் சுருள்வில்லுக்கு எங்கும் ஒரே சீரான எஃகு கிடைக்கவில்லை. அதற்காக எஃகையே உருக்கிவிட்டார். ஷெஃபீல்டுக் கத்திக்காரர்கள் முதலில் அது மிகவும் கடினம் என்று வாங்கவில்லை, பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிக் கத்தி செய்து அனுப்பியபிறகுதான் விழித்தார்கள் என்று சொல்வார்கள்.

மூசையைப் பார்த்ததும் எனக்கு நொய்யல் கரை ஞாபகம் வந்துவிட்டது. சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணலில் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும் மூசைச் சில்லுகளும் கிடைத்தன. ஹன்ட்ஸ்மனுக்குப் பல நூற்றாண்டு முன்பே தென்னகத்தில் மூசையில் எஃகு ஆக்கினார்கள். நம் மூசை கையடக்கமானது. உள்ளே ஒரு கிலோவுக்கும் குறைவான இரும்பு, அதோடு காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை, வாயை மண்ணால் பூசி அடைப்பு. இருபதுக்கும் மேல் அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதினால் குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குள் இறங்கிவிடும். ஆங்கிலத்தில் அதற்கு ‘வூட்ஸ்’ என்று பெயர். உக்கு, உருக்கு என்ற தென்னகச் சொற்கள்தான் அதன் வேர் என்பது பலர் கருத்து. 1794-ல் பம்பாயிலிருந்து ஹெலீனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் சில கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரிடம் ஒரு துண்டைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். அவர் அதில் செய்தது ஒரு பேனாக்கத்தி. சிறந்த எஃகுக் கத்திக்குச் சமமாக வெட்டியது என்று அடுத்த வருடம் ஜார்ஜ் பியர்சன் எழுதி வைத்தார். நம் நாட்டு மூசை உருக்கு லண்டனில் பேனாக்கத்தியாயிற்று என்பதை அந்த மூசைகளுக்கு நடுவே நின்று அண்ணன் மகளிடம் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்தது.

ஆவாரங்குச்சிக் கணக்கை ஆங்கிலத்தில் எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். சேலம் வட்டாரத்து இரும்புத் தாதுவைப் பார்த்துவிட்டு வேலையை விட்டார். 1830-ல் பரங்கிப்பேட்டையில் உலை தொடங்கினார். எங்கள் பக்கத்துத் தாது வெள்ளாற்று முகத்துவாரம்வரை போய், மரக்கரியில் உருகி, இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பிறகு ஹீத் ஷெஃபீல்டுக்கே வந்து சேர்ந்தார். மூசையில் கொஞ்சம் மாங்கனீசைச் சேர்த்தால் எஃகின் உடையும் குணம் குறையும், இரும்போடு சேர்த்து அடித்தால் ஒட்டும் என்று கண்டு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஸ்வீடன் இரும்பு இல்லாமலும் நல்ல எஃகு செய்யலாம் என்றாயிற்று. ஊரே அந்த வழியைப் பின்பற்றியது. ஆனால் மாங்கனீசைச் சற்று வேறு விதமாகப் போட்டு, காப்புரிமைக்குப் பணம் தராமல் தப்பித்துக்கொண்டார்கள். ஹீத் வழக்குப் போட்டார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. முடிவதற்குள் 1851-ல் இறந்துபோனார். சேலத்தில் அவர் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஷெஃபீல்டில் நான் கேட்டுப் பார்த்த மூன்று பேருக்கும் தெரியவில்லை. இன்று கத்திக்கு வருகிற ஏறக்குறைய எந்த எஃகின் சேர்மானப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் மாங்கனீசு என்று ஒரு வரி இருக்கும்.

நிலையத்துக்கு எதிரே ஹோவர்ட் தெருவில் ஒரு கட்டடத்தின் சுவர் முழுக்க ஒரு முகம் வரைந்திருக்கிறார்கள். ஹாரி பிரியர்லி. மூசை உருக்கும் தொழிலாளியின் மகன், பன்னிரண்டு வயதில் எஃகு ஆலையில் எடுபிடி வேலைக்குப் போனவர், படிப்படியாக ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். துப்பாக்கிக் குழாய் உள்ளே அரித்துப்போகாமல் இருக்க எஃகு தேடியபோது, 1913 ஆகஸ்டில், நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் சேர்ந்த ஒன்றை வார்த்தார். அமிலம் அதைத் தொடவில்லை. எலுமிச்சைச் சாறும் வினிகரும் கறையாக்கவில்லை. கத்திக்கு ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. கத்திக்காரர்கள் முதலில் செய்து பார்த்துவிட்டு, சாணை பிடிக்க முடியவில்லை, பதம் ஏறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். கடைசியில் ராண்டல் தெருவிலுள்ள போர்ட்லண்ட் வொர்க்ஸ் கட்டடத்தில் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற மேலாளர் சூட்டைச் சரியாகப் பிடித்து அதில் கத்தி செய்து காட்டினார். இன்று உலகத்துச் சமையலறைகள் எல்லாவற்றிலும் இருக்கும் எவர்சில்வர் கத்தியின் மூதாதை அது. செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. 2013-ல் ஊர்மக்களே பங்கு போட்டு வாங்கி, சிறு பட்டறைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

பிரியர்லியின் கதையில் என் கேள்விக்குப் பாதிப் பதில் இருந்தது. அந்த எஃகில் குற்றமில்லை. சாதாரண எஃகுக்குக் கொடுக்கிற சூட்டை அதற்குக் கொடுத்தார்கள். குரோமியம் கார்பனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது விட்டுக்கொடுக்க 1000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். குறைவாகச் சுட்டால் பளபளப்பு இருக்கும், பதம் இருக்காது. என் முதல் கத்தி விளிம்பு சுருண்டதற்கும் இதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மீதிப் பதில் ஒரு சிறு பட்டறையில் கிடைத்தது. எழுபதை நெருங்கும் கத்திக்காரர்; அறையில் ஒரு சன்னல், சன்னலுக்குக் கீழே மேசை, மேசைமேல் ஐம்பது வருடத்துக் கீறல்கள். அப்பாவின் கத்தியை நீட்டினேன். அவர் அலகைப் பார்க்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். பேனாக்கத்தி ‘நடக்கவும் பேசவும்’ வேண்டும் என்பது அங்கே பட்டறைப் பேச்சு. பாதியில் தடங்காமல் ஒரே சீராகத் திரும்பினால் நடை. விரிந்து முடிகிற இடத்திலும் மடிந்து முடிகிற இடத்திலும் ‘டக்’கென்று ஒலித்தால் பேச்சு. “வில் இன்னும் நன்றாகப் பேசுகிறது” என்றார். அதற்குப் பிறகுதான் அலகைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இதைத் தீட்டியவர் யார் என்று கேட்டார். அப்பா என்றேன். ஒரு பக்கம் தட்டையாகவும் ஒரு பக்கம் சரிவாகவும் கடைசிவரை கோணம் மாறாமல் தீட்டியிருக்கிறார், இவ்வளவு தேய்ந்தபிறகும் கோணம் தவறாத அலகைப் பார்ப்பது அபூர்வம் என்றார். அப்பா இதைக் கேட்டிருக்க வேண்டும்.

என்ன எஃகு என்று கேட்டேன். அவர் பேசாமல் சாணைச் சக்கரத்தை ஓடவிட்டு, கத்தியின் முதுகை ஒரு நொடி, தொட்டும் தொடாமலும் காட்டினார். வெண்மஞ்சள் பொறிகள் கொத்துக்கொத்தாகப் பறந்தன. ஒவ்வொரு பொறியும் ஓடி முடிகிற இடத்தில் வெடித்து, இரண்டு மூன்றாகக் கிளைத்தது, கம்பி மத்தாப்புமாதிரி. பிறகு ஒரு எவர்சில்வர் துண்டைக் காட்டினார். செம்மஞ்சளாகச் சில கோடுகள், குட்டையாக, கிளையில்லாமல் அவிந்தன. கிளைக்கிறது கார்பன், அடக்கி வைக்கிறது குரோமியம். அப்பாவின் கத்தி குரோமியம் இல்லாத வெறும் கார்பன் எஃகு. நூறு கிராமில் முக்கால் கிராமிலிருந்து ஒரு கிராமுக்குள் கார்பன் இருக்கும், கொஞ்சம் மாங்கனீசு இருக்கும், வேறு விசேஷமில்லை என்றார்.

வேறு விசேஷமில்லாத எஃகு எப்படி ஐம்பது வருடம் உழைத்தது? அதற்கு அவர் செய்து காட்டினார். ஓர் அலகை நெருப்பில் செஞ்சிவப்பாகப் பழுக்க வைத்து, காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனார். ஒட்டவில்லை. ஒட்டாமல் போகிற அந்தச் சூடு ஏறக்குறைய 770 டிகிரி. அதற்குச் சற்று மேலே போனதும் எண்ணெயில் தோய்த்தார். இப்போது அது கண்ணாடி, கீழே போட்டால் உடையும் என்றார். அதன் மேற்பரப்பைத் தேய்த்து வெளுப்பாக்கி, மறுபடி மெதுவாகச் சூடேற்றினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு விளிம்பிலிருந்து ஒரு நிறம் நகர்ந்து வந்தது, காய்ந்த வைக்கோல் நிறம். அந்த நொடியில் எடுத்துவிட்டார். விட்டிருந்தால் பழுப்பாகும், ஊதாவாகும், நீலமாகும். நீலம்வரை விட்டால் அது கத்திக்கு ஆகாது, வில்லுக்கு ஆகும். இந்தக் கத்தியில் அலகும் வில்லும் ஒரே மாதிரி எஃகுதான், ஒன்றை வைக்கோலில் எடுத்தார்கள், மற்றதை நீலத்தில் எடுத்தார்கள் என்றார்.

எங்கள் ஊர் ஆசாரியும் கொத்துக்கும் அரிவாளுக்கும் இதைத்தான் செய்கிறார். தண்ணீரில் தோய்த்து எடுத்து, நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் திட்டுவார். சின்ன வயதில் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். எதற்கு என்று இங்கே வந்துதான் முழுதாகப் புரிந்தது. அந்த நிறத்தை இனி நானும் பார்ப்பேன்.

எஃகின் பெயர்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்த என் நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார். எது நல்லது என்று சொல்லவில்லை. இரண்டே கேள்வி கேட்டார். எதை வெட்டப்போகிறீர்கள்? மழுங்கினால் யார் தீட்டுவார்கள்? பச்சைக் குச்சி, ஒரே இழுப்பு, ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல். தீட்டுவது நானும், பண்ணையில் இருக்கிற ஓர் அம்மாவும், சாதாரணக் கல்லில். அப்படியென்றால் உள்ளே பெரிய கற்கள் இல்லாத எஃகு வேண்டும் என்றார். விளிம்பை மயிரிழைக்கு மெலிய வைத்தால் பெரிய கற்கள் உதிர்ந்துவிடும், உதிர்ந்த இடம் ரம்பமாகிக் குச்சியைக் கிழிக்கும். வெறும் கார்பன் எஃகில் அந்தத் தொல்லை இல்லை. அட்டைப்பெட்டியும் கயிறும் நாள் முழுக்க வெட்டுகிறவருக்கு என் வனேடியம் கத்திதான் சரி. எனக்கு அல்ல.

துரு? மாம்பால் கையையே புண்ணாக்கும். ஆனால் அப்பாவின் அலகில் துருப்பிடித்து நான் பார்த்ததில்லை. கறுப்புதான் ஏறியிருந்தது. மரச் சாற்றிலிருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வருகிற கறுப்பு அது. அதைச் சுரண்டி எடுக்காதீர்கள், அந்தப் படலம் ஓரளவு துருவைத் தடுக்கும் என்றார் கத்திக்காரர். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். அப்பா தேங்காய் எண்ணெய் தடவி, தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்து மடக்குவார்.

பழைய கைப்பிடியிலேயே புது அலகு போட முடியுமா என்று கேட்டேன். புதிதாக ஒன்று செய்வது இதைவிடச் சுலபம் என்றார். கொஞ்ச நேரம் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, செய்கிறேன், நாலு நாள் வேண்டும் என்றார்.

அண்ணன் மகளுக்கும் ஒரு கத்தி வேண்டியிருந்தது. அவள் எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டு அப்படியே தொட்டியில் போட்டுவிடுகிறவள். துடைத்து எண்ணெய் போடுவாள் என்று நம்ப முடியாது. அவளுக்குக் கார்பன் எஃகு கொடுத்தால் ஒரே வாரத்தில் செம்பழுப்பாகிவிடும். ஸ்வீடனில் செய்கிற 14சி28என் எஃகில் மடக்குக்கத்தி ஒன்று பார்த்துக் கொடுத்தேன். நூற்றுக்குக் குரோமியம் 14 பங்கு, கார்பன் 0.62 பங்கு, கூடவே துளி நைட்ரஜன். கார்பனை அளவோடு வைத்திருப்பதால் அதிலும் பெரிய கற்கள் சேராது. நன்றாகத் தீட்டலாம், துருவும் அண்டாது. எவர்சில்வர் என்றாலே வெட்டாது என்று நான் நினைத்திருந்ததை இந்தக் கத்தி மாற்றியது.

நாலாம் நாள் போய் வாங்கினேன். புது அலகு விரல் அகலம். அந்தப் பழைய கைப்பிடியில் அது அந்நியமாகத்தான் தெரிந்தது. தேய்ந்த அலகை எண்ணெய்த் தாளில் சுற்றித் தனியே கொடுத்தார். கத்தியை விரித்தேன். அதே ‘டக்’. கண்ணை மூடிக்கொண்டால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மான்செஸ்டர் வீட்டுக் கொல்லையில் ஓர் ஆப்பிள் மரம் துளிர்விட்டிருந்தது. கேட்டுக்கொண்டு ஒரு குச்சி எடுத்துச் சீவினேன். சீவல் வெயிலில் மின்னியது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே அந்தப் பச்சைக் கோடு, நசுங்காமல், பேனாவால் போட்டதுபோல் முழுதாக இருந்தது. அண்ணன் மகள் குனிந்து பார்த்து, “இவ்வளவுதானா சித்தப்பா?” என்றாள். இவ்வளவுதான். சற்று நேரத்தில் அலகில் சாறு பட்ட இடம் லேசாக நீலம்பாரித்தது. துடைத்தேன். முழுக்கப் போகவில்லை.

ஆடி பிறந்து, மழை ஒரு தடவை பெய்து ஓய்ந்ததும் ஒட்டு வேலை தொடங்கினோம். முப்பது வருடமாக எங்கள் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிற அம்மா கத்தியை வாங்கி, முன்கையில் ஒரு ரோமத்தை வழித்துப் பார்த்தார். விரித்து மடக்கினார். “பெரியய்யா கத்தியாட்டவே சத்தம் போடுதுங்க” என்றார். பிறகு இமாம் பசந்த் குச்சி ஒன்றை எடுத்து இரண்டு இழுப்பில் ஆப்புச் சீவி, கன்றில் செருகி, பாலிதீன் நாடாவைச் சுற்றிக்கொண்டே அடுத்த குச்சிக்குக் கை நீட்டினார். பொழுது சாய்கிறவரை அந்தக் கத்தியை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.